22 நிமிடத் தூரத்துக்கு ஒரு மணி நேரம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் 184 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர்-72 என்னும் இரட்டை விசிறி விமானம். மேலே ஏறி மட்டமாகப் பறக்கும்போது அது மணிக்கு 500 கி.மீ. வேகத்தைத் தொடும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்தோம். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம் வருகிறது. ஆனால் பயணச்சீட்டில் புறப்படும் நேரத்துக்கும் போய்ச் சேரும் நேரத்துக்கும் நடுவே சுமார் ஒரு மணி நேரம் இருக்கிறது.

சீட்டில் உள்ளபடி பார்த்தால் விமானத்தின் வேகம் மணிக்கு 184 கி.மீ. வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகமே 180. வானத்தில் சிக்னல் இல்லை, லெவல் கிராசிங் இல்லை, குறுக்கே மாடு வராது. பிறகு அந்த மிச்சம் 38 நிமிடம் எங்கே போனது? வீட்டுச் செலவுக் கணக்கில் பணம் குறைந்தால் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்ப்போமே, அப்படி இந்தப் பயணத்தின் நிமிடங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் தூரம்

184 என்ற எண்ணைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் வேண்டியதில்லை, பென்சிலும் தாளும் போதும். பலாலி, திருச்சிக்குத் தெற்கே 0.97 பாகையும் கிழக்கே 1.36 பாகையும் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

அதற்கு விடை மீட்டர் என்ற அளவு பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1790களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் மீட்டரை வகுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். அதாவது அந்தத் தூரம் 10,000 கி.மீ. அதற்குள் 90 பாகைகள். வகுத்தால் பாகைக்கு 111 கி.மீ. ஆக, பலாலி தெற்கே 108 கி.மீ.

கிழக்குப் பக்கக் கணக்கில் ஒரு சின்ன வெட்டு விழுகிறது. தீர்க்கரேகைகள் கமலா ஆரஞ்சின் சுளைகளைப் போல நடுவில் அகன்று, துருவங்களில் ஒன்றுகூடுபவை. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் ஒரு பாகை, நம்முடைய பத்தாம் பாகைப் பக்கத்தில் 109 ஆகச் சுருங்குகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே போனால் அதில் பாதிதான். நம் கணக்குக்கு 1.36-ஐ 109-ஆல் பெருக்க, கிழக்கே 149 கி.மீ. கிடைக்கிறது.

இப்போது செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் கையில் இருக்கின்றன. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 184. விமானி இதையே 99 கடல் மைல் என்பார். ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. பூமியின் உருண்டையிலிருந்தே வெட்டி எடுத்த அளவு என்பதால்தான் கப்பலும் விமானமும் இன்றுவரை அதை விடவில்லை.

தட்டையான தாளில் போட்ட இந்தக் கணக்கு 184 கி.மீ.க்குச் செல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் செல்லாது. அங்கே உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக வந்ததற்கு இதுதான் காரணம். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. உருண்டையின் மேல் அதுவே நேர் வழி.

குடிசைக் கூரை

திருச்சி–யாழ்ப்பாண நேர்கோட்டைத் தரையில் தொடர்ந்து போனால், கந்தர்வகோட்டை பக்கமாகப் போய், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம் அருகே கடலைத் தொடுகிறது. அதுவரை சுமார் 84 கி.மீ. நிலம். அதற்கப்பால் பாக் நீரிணை. காங்கேசன்துறைக் கரை வரும்வரை வேறு நிலமில்லை.

இந்தக் கோட்டின் மேல் விமானத்தை ஏற்றுவோம். 15,000 அடி உயரத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி ஏறினால் அந்த உயரத்தைத் தொட 13 நிமிடம் ஆகும். ஏறும்போது முழு வேகம் வராது, மேடேறும் சைக்கிளுக்கு உள்ள நிலைதான். இஞ்சினின் பலத்தில் பெரும்பங்கு உயரத்துக்கே போய்விடுவதால் முன்னோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 370 கி.மீ. என்று கொள்ளலாம். 13 நிமிடத்தில் 80 கி.மீ. கடந்திருக்கும்.

இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். ஏறத்தாழ மூன்று பாகைச் சரிவு அது. நூறு அடி முன்னே போனால் ஐந்தடி இறக்கம். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் வேகம் கட்டுக்குள் நிற்காது, காதும் அடைக்கும். 15,000 அடிக்கு 45 கடல் மைல், அதாவது 83 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

ஏற 80, இறங்க 83. கூட்டினால் 163. மொத்தமே 184 என்னும்போது மட்டமாகப் பறக்க மீதி இருப்பது 21 கி.மீ.தான். அந்த முழு வேகமான 500-ல் விமானம் பறப்பது இரண்டரை நிமிடம். இந்தப் பயணத்தைப் பக்கவாட்டில் படமாக வரைந்தால் மேசைப் பலகை போல இருக்காது, குடிசைக் கூரை போல இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். மல்லிப்பட்டினக் கரையை எட்டும்போது ஏற்றம் முடிகிறது. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கம் தொடங்குகிறது. கந்தர்வகோட்டைச் சீமை முழுக்க ஏறுகிறோம், பாக் நீரிணை முழுக்க இறங்குகிறோம்.

இப்போது கணக்கைத் திருத்துவோம். ஏற 13 நிமிடம், மட்டமாக இரண்டரை, இறங்க சுமார் 12½. கூட்டினால் 28. காணாமற்போன 38-ல் ஆறு நிமிடம் அகப்பட்டுவிட்டது.

விசிறி விமானத்துக்குப் பதில் ஜெட்டை விட்டால் என்ன? ஜெட்டின் பெருமை மணிக்கு 800 கி.மீ. வேகம். அந்த 21 கி.மீ.யை 800-ல் கடந்தால் மிஞ்சுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஏற்றத்தில் இன்னும் சில நிமிடம் மிஞ்சலாம். ஆனால் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலைத் தாண்டக்கூடாது என்ற பொதுவான விதி அங்கேயும் கடிவாளம் போடும். அந்தச் சில நிமிடத்துக்கு எரிபொருள் செலவு ஏகமாகக் கூடும். அடுத்த தெருவுக்குக் காய்கறி வாங்க லாரியில் போவதில்லை அல்லவா? குறுந்தூரத் தடங்களில் விசிறி விமானங்கள் இன்னும் நிலைத்திருப்பது இதனால்தான்.

போகும் ஊருக்கு முதுகைக் காட்டி

ஓடுபாதையின் இரு முனைகளிலும் பெரிய எண்கள் எழுதியிருக்கும். அவை வரிசை எண்கள் அல்ல, திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்த விடை. திருச்சி ஓடுபாதையின் எண்கள் 09, 27. ஒரு முனையிலிருந்து ஓடினால் 90 பாகை, நேர் கிழக்கு. மறுமுனையிலிருந்து ஓடினால் 270, நேர் மேற்கு. பலாலியில் 05, 23. வடகிழக்கும் தென்மேற்கும். பலாலி ஓடுபாதையின் கிடை நம் பருவக்காற்று இரண்டின் திசையையும் ஒட்டியே இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதும் வாடை என்பதும் வீசுகிற வழி அது.

காற்றுக்கும் ஓடுபாதைக்கும் என்ன உறவு? இறக்கையைத் தூக்குவது அதன் மேல் ஓடும் காற்றின் வேகம், தரையின் வேகம் அல்ல. எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. வீசினால், விமானம் நின்ற நிலையிலேயே அதற்கு 40 கி.மீ. வேகம் கைவசம் இருக்கிறது. நூலை இழுத்துக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடினால்தான் பட்டம் எழும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். லேசான பின்காற்றை விமானம் பொறுத்துக்கொள்ளும். காற்று வலுத்தால் எதிர்த்தே எழ வேண்டும், எதிர்த்தே இறங்க வேண்டும்.

இப்போது ஆடி மாதத்தில் திருச்சியில் நிற்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வரும் மேல்காற்று அம்மியைப் பறக்கவிடுகிறதோ இல்லையோ, விமானத்தின் திசையைத் தீர்மானிக்கிறது. மேற்கிலிருந்து காற்று என்றால் மேற்கு நோக்கித்தான் ஓட வேண்டும். யாழ்ப்பாணமோ தென்கிழக்கில் இருக்கிறது. ஆகவே விமானம் போகும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து, பிறகு வட்டமடித்துத் திரும்ப வேண்டும். அங்கே போனாலும் சிக்கல் தீரவில்லை. பலாலியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வடமேற்கிலிருந்து வரும் விமானம் ஊரைத் தாண்டி வடகிழக்குக் கடலின் மேல் போய், வலப்புறம் திரும்பி, தென்மேற்கு பார்த்து இறங்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் போல, வீடு எதிரே தெரிந்தாலும் தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மார்கழியில் எல்லாம் தலைகீழ். வாடைக்குத் திருச்சியில் கிழக்கு பார்த்தே எழலாம். அங்கிருந்து யாழ்ப்பாணத் திசைக்கு வலப்புறம் கொஞ்சம் திரும்பினால் போதும்.

எழுந்து திரும்பவும், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேரே வந்து சேரவும் ஏழு நிமிடம் வைப்போம். 28 இப்போது 35 ஆகிறது. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை உள்ள நேரம் இவ்வளவுதான்.

காற்று கடனைத் திருப்பித் தராது

காற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானம் காற்றுக்குள் நகர்கிறது, அந்தக் காற்று பூமியின் மேல் நகர்கிறது. காவிரியில் பரிசல் விடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரோட்டத்தோடு போனால் துடுப்பின் வேகத்தோடு ஆற்றின் வேகம் சேரும், எதிர்த்து வந்தால் கழியும். அப்படியானால் போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நட்டமும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகாது.

ஆயிரம் கி.மீ. தூரமுள்ள இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் 500. காற்றே இல்லாவிட்டால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி, மொத்தம் நான்கு. இப்போது 50 கி.மீ. காற்று. போகும்போது 550, ஒரு மணி 49 நிமிடம். வரும்போது 450, இரண்டு மணி 13 நிமிடம். மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் கூடுகிறது. மிச்சமானது 11, செலவானது 13. காற்றை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் போய்வரும் பயணியே நட்டப்படுவார். எதிர்க்காற்று வேகத்தைக் குறைப்பதோடு, அந்தக் குறைந்த வேகத்தில் நம்மை அதிக நேரமும் பிடித்து வைக்கிறது. நட்டம் ஓடும் மணிகள் எப்போதும் லாபம் ஓடும் மணிகளைவிட அதிகம்.

திருச்சி–யாழ்ப்பாணத்தில் இதே காற்றுக்கு இந்த நட்டம் ஒரு நிமிடம்கூட வராது. தூரம் அவ்வளவு குறைவு.

தடைக்கட்டை

இன்னும் 25 நிமிடம் பாக்கி. அது வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது.

சீட்டில் போடும் புறப்பாட்டு நேரம், விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. நிறுத்தியிருக்கும் விமானம் உருளாதபடி சக்கரத்தின் முன் தடைக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரமே புறப்பாடு. போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நின்று மீண்டும் தடைக்கட்டை வைக்கும் நேரமே வருகை. இரண்டு கட்டைகளுக்கும் நடுவே உள்ள காலத்தைத்தான் நமக்கு விற்கிறார்கள். அதற்குள் இஞ்சினை ஓட்டிச் சரிபார்த்து, ஓடுபாதையின் முனைவரை உருண்டு போய், வேறு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்து நிற்க வேண்டும். சென்னையின் வான் எல்லையிலிருந்து கொழும்பின் வான் எல்லைக்குள் போகிற விமானம் என்பதால் இரண்டு கட்டுப்பாட்டு மையங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் பத்து நிமிடம், பலாலியில் ஐந்து என்று வைத்தால் 50 ஆகிவிட்டது.

கடைசிப் பத்து நிமிடம் முன்ஜாக்கிரதைக்கு. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நேரத்துக்கு வந்ததாகவே விமானத் துறை கணக்கு வைக்கிறது. அதற்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் தங்கள் பங்குக்கும் கொஞ்சம் கூட்டி வைக்கின்றன. பத்து மணிக்கு முகூர்த்தம் என்றால் பத்திரிகையில் ஒன்பதரை என்று போடுகிற பெரியவரின் புத்திதான். விமானம் சில நாள் நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டதென்று அறிவித்துப் பெருமைப்படுவதும் இந்தப் பத்து நிமிடத்தின் தயவே.

ஆட்டோ மீட்டர்

ஆக, பறக்கும் நேரத்தின் இலக்கணம் ஆட்டோ மீட்டரின் இலக்கணம். ஏறி உட்கார்ந்ததும் குறைந்தபட்சக் கட்டணம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு. உருளுவது, ஏறுவது, திரும்புவது, இறங்குவது எல்லாம் அந்தக் குறைந்தபட்சக் கட்டணத்தில் சேர்த்தி. எங்கே போனாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பல இணையக் கணிப்பான்கள் தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டுப் பேசாமல் அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

சீட்டு நேரத்தால் தூரத்தை வகுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவே 2.7 கி.மீ. உலகின் மிகக் குறுகிய கால அட்டவணை விமானச் சேவை இது. லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் நடத்துகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று துணை நின்ற ஒருநாள் 53 நொடியில் போய்ச் சேர்ந்தது சாதனை. ஆனால் அட்டவணைப்படி பார்த்தால் வேகம் மணிக்கு 81 கி.மீ., நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம். திருச்சி–யாழ்ப்பாணம் 184. சென்னை–தில்லி 1,760 கி.மீ.யை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கும் ஜெட்டுக்குச் சுமார் 620. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பறக்கிற விமானத்துக்கு 800-ஐத் தாண்டும். தூரம் கூடக் கூடக் குறைந்தபட்சக் கட்டணம் கரைந்து, விமானத்தின் உண்மையான வேகம் வெளியே வருகிறது.

கணக்கில் வராத தூரம்

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியபோது அது இறங்கி எழுந்ததும் இங்கேதான். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, வெளிநாட்டு விமானம் நின்றது. 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா அதையும் நிறுத்த, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. திருச்சிச் சேவையை இண்டிகோ தொடங்கியது 2025 மார்ச் கடைசியில்.

அதற்கு முன் தென்கிழக்கே 184 கி.மீ.யில் இருக்கும் ஊருக்குப் போக, திருச்சிக்காரர் முதலில் வடக்கே சுமார் 290 கி.மீ. சென்னைக்குப் போய், அங்கிருந்து தெற்கே 354 கி.மீ. வர வேண்டும். சென்னை விமானமும் இல்லாத ஆண்டுகளில் கொழும்பு வரை பறந்து, அங்கிருந்து 400 கி.மீ. சாலையில் ஏற வேண்டும். பிதாகரஸ் சொன்ன மூன்றாவது பக்கம் எப்போதும் 184 ஆகவே இருந்தது, அந்தப் பக்கத்தில் பயணம் போகத்தான் வழியில்லை. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணியர் கப்பல் சுமார் 110 கி.மீ.யைக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரத்தில் கடக்கிறது.

கடிகாரம்கூட இந்தத் தூரத்தோடு விளையாடியிருக்கிறது. 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னே ஓடியது. அப்போது இந்த விமானம் இருந்திருந்தால், போகும் சீட்டில் ஒன்றரை மணி நேரமும் வரும் சீட்டில் அரை மணி நேரமும் தெரிந்திருக்கும். இன்று இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

ஆடியில் இந்தத் தடத்தில் போக வாய்த்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு பாருங்கள். போகும்போது விமானம் மேற்கே ஓடி எழுந்து சுற்றித் திரும்பும், பலாலியிலும் சுற்றி வந்து இறங்கும். ஆனால் நடுவழியில் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அந்தக் காற்றே எதிர்த்து நிற்கும். ஆனால் திருச்சியில் மேற்கு பார்த்த ஓடுபாதை விமானம் வரும் வழிக்கு அநேகமாக நேரே விரிந்து கிடக்கும், கொஞ்சம் இடப்புறம் திரும்பினால் இறங்கிவிடலாம். போகும்போது வழி வளைகிறது, வரும்போது காற்று மறிக்கிறது. இரண்டு சீட்டிலும் அதே ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கும்.